ராட்லரின் தாவரக் குறிப்புகளைத் தமிழில் வெளியிட்டு, எழும்பூரில் காட்சிக்கு வைக்கக் கோரிக்கை

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
வேப்பேரி, சென்னை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
எழும்பூர், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: போதகர் ராட்லரின் தாவரவியல் பணி – தமிழாக்கமும் காட்சிப் பகுதியும் வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். ஸ்ட்ராஸ்பர்க்கில் 1749-இல் பிறந்த ஜான் பீட்டர் ராட்லர், 1776-இல் தரங்கம்பாடிக்குப் போதகராக வந்தார். செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவரான மருத்துவர் கோனிக் அப்போது இங்கே செடிகளைத் திரட்டிவந்தார். அவருடைய தொடர்பால் ராட்லரும் தாவரவியலில் இறங்கினார். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, 1836-இல் வேப்பேரியில் காலமானார். தமிழறிஞர்கள் அவரைத் தமிழ் - ஆங்கில அகராதிக்காக அறிவார்கள். தாவரவியலாளர் ராட்லரைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பிய பயணத்தில் கண்ட செடிகளைப் பற்றி அவர் ஜெர்மன் மொழியில் எழுதியது, 1803-இல் பெர்லினில் தாவரவியலாளர் வில்டெனோவின் குறிப்புகளுடன் அச்சானது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரை வழியில் என்னென்ன முளைத்திருந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி ஏது? நம் மாணவர்கள் அதைத் தமிழில் படிக்க வேண்டாமா?

அவர் பெயரைத் தாங்கிய குரோசோபோரா ராட்லெரி தரிசு வயல்களில் தானாக வளரும் செடி. இலையைத் தடவினால் சொரசொரப்பான ரோமம் விரலில் படும். மூன்று பிரிவாகப் புடைத்த காயை நசுக்கினால் நீலச்சாயம் ஒட்டிக்கொள்ளும். களை என்று பிடுங்கி எறியும் இச்செடிக்குப் பின்னால் ஒரு வேப்பேரிக்காரரின் பெயர் இருப்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கபிலப்பொடி என்னும் செஞ்சாயப் பொடி தரும் மரத்துக்கும் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க், ராட்லரின் பெயரால் ராட்லெரா டிங்க்டோரியா என்றே பெயர் சூட்டியிருந்தார். பிறகுதான் அது வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

அவர் உலர்த்திச் சேர்த்த மாதிரிகள் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தன. அசலைத் திருப்பிக் கேட்கவில்லை, ஐயா. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளின் படங்களைத் துறையின் வழியாகக் கேட்டுப் பெற்றாலே போதும்.

ஆகவே, ஜெர்மன் அறிந்த மொழிபெயர்ப்பாளரையும் தாவரவியலாளரையும் கொண்டு அப்பயணக் குறிப்பைத் தமிழாக்கி வெளியிடவும், செடிகளுக்கு இன்றைய அறிவியல் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்க்கவும், எழும்பூர் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் அவருக்கு ஒரு பகுதி ஒதுக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையை ஊதியமின்றிச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)