பரணில் வைத்த படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரணத்தின் விளிம்பைத் தொட்டு மீண்டவர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மறுமை நிரூபணமாகிவிட்டது என்ற தொனியில் இருந்தது. அந்த அவசரம் தேவையில்லை.

நெதர்லாந்தில் இதயநோய் மருத்துவர் பிம் வான் லொம்மெல் குழு, இதயம் நின்று பிழைத்த 344 பேரை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டது. நினைவிழந்து கிடந்தபோது ஏதோ கண்ட, உணர்ந்த அனுபவம் உண்டென்றவர்கள் 62 பேர், அதாவது 18 சதவீதம்தான். அனைவருக்கும் மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்தும் மற்றவர்களுக்கு ஏன் எதுவும் இல்லை? நியாயமான கேள்வி, ஆக்சிஜன் குறைவு மட்டுமே காரணம் என்போருக்கும் இது இடிக்கிறது.

உடலைவிட்டு மேலே மிதந்து பார்த்தோம் என்பதைச் சோதிக்க, மருத்துவர் சாம் பார்னியா குழு மருத்துவமனைகளில் கூரையருகே பலகை அடித்து, மேலிருந்து மட்டும் தெரியும்படி படங்களை வைத்தது. நல்ல யோசனை. ஆனால் 2014இல் வெளியான முடிவில், 2,060 இதய நிறுத்தங்களில் பிழைத்தவர்கள் 330 பேர். பேட்டி கொடுத்தவர்கள் 140 பேர். நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் விவரித்த இருவருக்கும் இதயம் நின்றது பலகையே இல்லாத இடத்தில்! சோதனை நடக்கவேயில்லை என்பதே உண்மை.

நேரக் கணக்கு இன்னொரு சிக்கல். இதயம் நின்ற சில நொடிகளிலேயே மூளை மின்னலைகள் தட்டையாகத் தொடங்கும். ஆனால் மார்பை அழுத்தும்போது ஓரளவு ரத்தம் மூளைக்குப் போகும். நினைவு பதிந்தது மயங்குமுன்னா, அழுத்தும்போதா, விழிக்கும்போதா? நோயாளியின் சொல்லை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்