ஸ்டோர் யார் பேர்லங்க? ஜப்பான் ஏஜென்சியைக் கூட்டிட்டு வந்த சங்க நிர்வாகிகளுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க. மீட்டிங்ல சால்வை போட்டு, "இவங்களைப் புடிச்சா ஜப்பான் ஆன்லைன் மார்க்கெட் நம்ம கையில"ன்னு எந்த ஏஜென்சியைச் சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியும், நான் பேர் சொல்லல. அக்ரிமெண்ட் முடிஞ்சு, எங்க துணியை ஜப்பான்ல விக்க அவங்க நடத்துன ஆன்லைன் ஸ்டோரைப் போன வாரம் கேட்டேன். அது அவங்க பேர்ல இருக்குதாம். ரிவ்யூ, வாங்குனவங்க விவரம், எதுவும் எனக்கு வராதாம். 18 மாசம் ரிடெய்னர்னு மாசாமாசம் ஃபீஸ் கட்டுனது நாங்க, கமிஷன் குடுத்தது நாங்க, துணி தச்சதும் நாங்க, கடை மட்டும் அவங்களுது.

ராகுட்டன்ங்கற ஜப்பான் ஷாப்பிங் சைட்ல ஜப்பான் கம்பெனி பேர் வேணும்னா சரி, ஒத்துக்கறேன். ஆனா அமேசான் ஜப்பான்ல நம்ம கம்பெனி பேர்லயே செல்லர் அக்கவுண்ட் திறக்கலாமே, அதை ஏனுங்க மேடையில ஒருத்தரும் சொல்லல?

நாங்க போட்டது கைக்குழந்தை ட்ரெஸ். அங்க குழந்தைத் துணிக்கு சைஸ் மாசக்கணக்குல பாக்கமாட்டாங்க, உயரம்தான், 60, 70, 80ன்னு சென்டிமீட்டர்ல. நம்ம லேபிள்ல 3 டு 6 மாசம்னு இருந்ததை ஏஜென்சி அப்படியே ஏத்திருச்சு. ஒரு அம்மா ராத்திரி 11 மணிக்கு "என் பொண்ணு 68 சென்டிமீட்டர், எதை வாங்கறது"ன்னு கேட்டிருக்காங்க. பதில் போனது அஞ்சாம் நாள், அதுவும் மெஷின் மொழிபெயர்ப்புல. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதே மாசக்கடைசி ரிப்போர்ட்லதான். அதுக்குள்ள அவங்க வாங்கிட்டாங்க, ரெண்டு ஸ்டார் போட்டு "துணி ரொம்ப மெத்துன்னு இருக்கு, தலைதான் நுழையல"ன்னு எழுதியிருந்தாங்க. எங்க செக்கிங் அக்காகிட்ட அதைப் படிச்சுக் காமிச்சேன். அவங்க ஒரு பீஸை எடுத்து கழுத்தை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம மடிச்சு வெச்சுட்டாங்க. கழுத்துல குறையே இல்லீங்க.

இன்னொண்ணு. 24 மாசத்துக்குள்ள குழந்தைக்கான துணியில ஃபார்மால்டிஹைட்ங்கற கெமிக்கல் 16 பிபிஎம் (பத்து லட்சத்துல 16 பங்கு) தாண்டக்கூடாதுன்னு அங்க சட்டம். டெஸ்ட்ல பாஸான துணிக்குக்கூட பக்கத்துல இருக்கற மர அலமாரி, வேற துணியிலருந்து அது ஏறிக்கும்னுதான் சீல் பண்ணி அனுப்பறோம். இவங்க குடோன்ல நன்றிச் சீட்டு வெக்கறோம்னு ஒவ்வொரு சீலையும் பிரிச்சிருக்காங்க. என்ன ஒரு நன்றி!

காசு குடுத்து ரிவ்யூ எழுதி வாங்கித் தர்றோம்னு ஒரு கொட்டேஷன் வேற. விளம்பரம்னு சொல்லாம பண்ற விளம்பரம் 2023 அக்டோபர்லருந்து அங்க சட்டப்படி தப்பு, மாட்டறது எழுதுனவன் இல்லீங்க, சரக்கு விக்கற நாமதான். ட்ரேட்மார்க்கையும் "எங்க பேர்லயே போட்டுக்கறோம் சார், ஈஸி"ன்னாங்க. அங்க யார் முதல்ல அப்ளை பண்றாங்களோ அவங்களுக்குத்தான் பொதுவா பேர் போகும். அதுல மட்டும் நான் கையெழுத்துப் போடல, எங்க குலசாமி புண்ணியம்.

அதனால கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எந்த ஏஜென்சியையும் சங்கத்து பேர்ல சிபாரிசு பண்றதுக்கு முன்னாடி ஸ்டோர் யார் பேர்ல, பிராண்ட் யார் பேர்ல, பிரியறப்ப டேட்டா யாருக்குன்னு எழுத்துல வாங்கிருங்க. 2011 ஆகஸ்ட்ல ஜப்பானோட நம்ம நாட்டு வர்த்தக ஒப்பந்தம் வந்துச்சு, துணிக்கு டியூட்டி குறைஞ்சுது, நாம அப்பவும் பையர் சொல்ற ரேட்டுக்குத் தச்சு அவன் பேரைப் போட்டு அனுப்புனோம், சொந்தப் பேர்ல விக்கலாம்னு ஆசைப்பட்டா அதையும் ஏஜென்சி பேர்ல எழுதிக் குடுத்துட்டு சங்கத்துல குரூப் போட்டோ எடுத்துக்கறோம். சந்தா மட்டும் ஏப்ரல் ஒண்ணாந்தேதி கரெக்டா கேட்டு வந்துருது.

கோபத்துல ஜாஸ்தியா எழுதியிருந்தா மன்னிச்சுக்கங்க, நீங்கல்லாம் எனக்குப் பெரியவங்க. அடுத்த மாசம் இன்னொரு ஏஜென்சி வருதுன்னு கேள்விப்பட்டேன். தயவுபண்ணி மைக்கைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டோர் யார் பேர்லன்னு மட்டும் எழுதி வாங்கிருங்க. சால்வைச் செலவை வேணா நான் பாத்துக்கறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி வெக்காத ஒரு மெம்பர்,
திருப்பூர்