யாரும் அழைக்காமல் வந்தவர்கள்

சயான், மும்பை
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள மாப்ளைக்கு,

விழா முடிந்த மறுநாள் உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பிப்ரவரி முழுக்க நான் வீட்டில் தங்கவே இல்லை.

"விளிம்பு நாடக விழா என்கிறாயே, நாடகங்களை யார் தேர்ந்தெடுப்பது, யார் பணம் போடுவது?" என்று கேட்டிருந்தாய். தேர்ந்தெடுக்க யாரும் கிடையாது. 1947இல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் ஒரு பெரிய சர்வதேசக் கலைவிழாவைத் தொடங்கினார்கள். அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. மறுவருடம் ராபர்ட் கெம்ப் என்ற நாடக ஆசிரியர் அதை விழாவின் 'ஃப்ரிஞ்ச்', அதாவது விளிம்பு என்று எழுத, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே இன்றைக்கும் தேர்வுக் குழு கிடையாது. இடம் பிடித்தவர் யாரும் போடலாம். நாங்களும் அப்படித்தான் நடத்துகிறோம்.

மும்பைக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. 1974இல் தாதரில் சபில்தாஸ் பள்ளிக்கூடத்து ஹாலில் ஆவிஷ்கார் குழுவினர் சோதனை நாடகங்கள் போடத் தொடங்கினார்கள். 86இல் நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். மராட்டி பாதிதான் புரியும். வெளியே மார்க்கெட் இரைச்சல். ஆவிஷ்காரைத் தொடங்கியவர்கள் என்று அரவிந்த் தேஷ்பாண்டே, சுலபா தேஷ்பாண்டே பெயர்களை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அருண் காகடேதான் முதலில் நினைவுக்கு வருவார். பல பத்தாண்டுகள் மேடைக்குப் பின்னால் நின்று அந்தக் குழுவைத் தாங்கியவர். அப்படி ஒரு ஆள் இல்லாமல் எந்த விழாவும் இரண்டாம் வருடம் பார்க்காது என்று நம்புகிறேன்.

எங்களுக்கு அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். வாடகை விளக்கு நமக்குக் கட்டுப்படியாகாது என்று, பதினைந்து கிலோ எண்ணெய் டின்களை வெட்டி, உள்ளே ஹாலஜன் பொருத்தி, எட்டு விளக்கு செய்து தந்தார். ஒவ்வொன்றும் 500 வாட். முதல் வருடம் எட்டையும் ஒரே லைனில் மாட்டினோம். நாடகம் போட்டது ஒரு வகுப்பறையில். ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும் போட்ட லைன் 4000 வாட்டை எப்படித் தாங்கும்? நாடகத்தின் நடுவில் ஃபியூஸ் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் செல்போன் வெளிச்சத்தைக் காட்ட, நடிகர்கள் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். அண்ணனுக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. அடுத்த வருடத்திலிருந்து விழாவுக்கு ஒரு மாதம் முன்பே டெஸ்டரோடு போய், ஒவ்வொரு இடத்திலும் மெயின் போர்டைத் திறந்து பார்த்து எழுதி வைத்துவிடுகிறார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்த நாடகம் எங்கே என்று முடிவு செய்கிறோம்.

சாப்பாடு தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அக்கா. விடியற்காலை வியாபாரத்துக்கு மாவு ஆட்டும்போதே எங்களுக்கும் சேர்த்து ஆட்டிவிடுவார். காசு வாங்கச் சொன்னால் கோபம் வரும். இந்த மாநிலத்தில் நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த அலைச்சல் முழுவதும் ஒரு கல்லூரிப் பையன் தலையில். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் நேரம் பார்க்கிற பொண்ணும் ஒருத்தி உண்டு. ஐம்பது நிமிட நாடகம், இருபது நிமிடத்தில் ஒரு குழு சாமானை எடுத்து அடுத்த குழு இறக்க வேண்டும். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் அவள் மணியடித்தால் கிளம்ப வேண்டியதுதான்.

பணத்துக்குப் பழைய வழிதான், துண்டு ஏந்துவது. விழுகிற காசு நாடகம் போட்டவர்களுக்கே. மற்ற செலவுக்கு நாங்கள் வருடம் முழுக்க மாதச் சீட்டு மாதிரி சேர்க்கிறோம்.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் வருடம், தேர்வுக் குழு வைக்கலாம் என்று கூட்டத்தில் பேசியவன் நான்தான். சுமாரான நாடகங்கள் நிறைய வந்தன. நல்லது மட்டும் இருந்தால் கூட்டம் சேருமே என்று தோன்றியது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம யாரு தம்பி வாசல்ல நிக்கிறதுக்கு?" என்று கேட்டார். எனக்கு அப்போது வருத்தம்தான்.

இந்த வருடம் வீட்டு வேலை செய்கிற ஐந்து பெண்கள் ஒரு நாடகம் கொண்டுவந்தார்கள். அதிகாலை நாலு மணிக்குக் குழாயடி, அவ்வளவுதான் கதை. பாதித் தமிழ், பாதி பம்பாய் இந்தி. ஒத்திகை பார்த்தபோது, என் கையில் இருந்தால் இதை வேண்டாம் என்றிருப்பேன் என்று நினைத்தேன். நாடகத்தில் ஒரு அம்மாவுக்கு வசனம் மறந்துவிட்டது. அப்படியே நிற்கிறார். பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுக்கவில்லை. தன் குடத்தைச் சாய்த்து அந்த அம்மாவின் காலிக் குடத்தில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். மெதுவாக. ஹால் முழுக்க அந்தத் தண்ணீர்ச் சத்தம் மட்டும். குடம் பாதி நிறையும்போது அந்த அம்மாவுக்கு வசனம் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்ததும் அண்ணனிடம் போய் இரண்டாம் வருடக் கூட்டத்தில் நான் பேசியது தப்பு என்று சொன்னேன். டின் விளக்கு சூடு ஆறட்டும், தொடாதே என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம், உங்கள் ஊரிலும் ஒன்று செய்து பார்க்கலாமா, மூடிக் கிடக்கிற ரைஸ் மில் கொட்டகை கிடைக்கும் என்று எழுதியிருந்தாயே, அதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, பொங்கலை ஒட்டி வைத்தால் நானும் அவரும் நாலு டின்னோடு ரயிலேறி வந்துவிடுகிறோம். மில்லுக்குப் போன த்ரீ ஃபேஸ் லைன் இன்னும் இருக்கிறதா, இல்லை வெட்டிவிட்டார்களா என்று பார்த்து எழுது. அண்ணன் இன்று காலையிலும் கேட்டார்.

அன்புடன்,
உன் பழைய கூத்துத் தோழன்