கண்ணாடி கொடுத்த அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் பழம்பொருள் சந்தை நடந்ததே, அதில் வலது கைத் தாழ்வாரத்தில், பீங்கான் ஜாடிகளுக்கும் வால்வு ரேடியோக்களுக்கும் நடுவில் மஞ்சள் துணி விரித்து நகை விற்றவள் நான்தான். விழுப்புரம் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் எதிர்க் கடை அண்ணன். காலை பத்து மணிக்குக் கடை போட்டேன், பன்னிரண்டு வரை ஒரு ஜிமிக்கி கூடப் போகவில்லை. வருகிறவர்கள் எடுக்கிறார்கள், காதோரம் வைத்துக்கொண்டு கூட வந்தவரிடம் "நல்லாருக்கா?" என்கிறார்கள், அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்கிறார், உடனே கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விலைதான் அதிகமோ என்று 350 என்று எழுதியிருந்த அட்டையை 300 ஆக்கினேன், அப்புறம் 250. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். செட்டிநாட்டுத் தூணும் கதவும் விற்கிற மனிதர், எழுந்து வந்து, "ஏம்மா, நகைக் கடை போட்டிருக்க, கண்ணாடி எங்க?" என்றார். ஒரு மாதமாகக் கம்பி, கொக்கி, அட்டை, பை என்று பட்டியல் போட்டவளுக்குக் கண்ணாடி மட்டும் தோன்றவே இல்லை. அவர் விற்பனைக்கு வைத்திருந்த பெல்ஜியம் கண்ணாடியை, தேக்குச் சட்டம் போட்டது, ஒரு மூலையில் ரசம் போய்க் கறுத்திருந்தது, தானே தூக்கிவந்து என் பக்கச் சுவரில் சாய்த்தார். "அட்டையையும் பழையபடி மாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த அரை மணி நேரத்தில் நான்கு ஜோடி போயிற்று, எல்லாம் 350க்கே.

மூன்று மணிக்கு ஒருவர் வந்து அந்தக் கண்ணாடிக்கே விலை பேசி முடித்துவிட்டார்! என் வயிறு கலங்கிவிட்டது. அண்ணன் அசையவில்லை. "ஆறு மணிக்கு மேல வந்து எடுத்துக்குங்க சார், அது இப்ப வேலையில இருக்கு" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போன அந்த சாருக்கும் நன்றி. போகிற போக்கில் அவர் மனைவி, தன்னுடையதாகிவிட்ட கண்ணாடியில் பார்த்தே ஒரு மாலை வாங்கினார்.

அடுத்து, மண்டியிட்டவர்கள். பச்சைச் சேலை கட்டிய அம்மா ஒருவர் என் மூன்று சர மாலையைப் போட்டுப் பார்க்கையில் ஒரு சரம் அறுந்து, சிவப்பும் கறுப்புமாக மணிகள் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி வரை ஓடின. தப்பு என்னுடையது. கம்பி முனையைப் பிடித்து நிறுத்துகிற கியர் லாக் என்ற குட்டி உலோக வளையத்தைக் குறடால் அளவுக்கு மேல் நசுக்கினால் அதன் விளிம்பே கம்பியை வெட்டிவிடும், அது எனக்குத் தெரியும். நகைக் கடை வாசலில் உட்கார்ந்து முத்தும் பவளமும் கோர்க்கிற பெரியவர் ஒருவர், நூலில் மணிக்கு மணி முடிச்சுப் போடு, எங்கே அறுந்தாலும் ஒன்றுதான் விழும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். நேரமாகிறதே என்று நான்தான் நூலை விட்டுக் கியர் வயர் என்கிற மெல்லிய கம்பிக்கு மாறினேன். ஐயா, உங்களுக்கு நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா தெரியவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாணயம் விற்கிற தாத்தா தன் பூதக்கண்ணாடியோடும் தபால்தலை எடுக்கிற இடுக்கியோடும் இறங்கிவிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் செல்போன் விளக்கடித்துத் தொட்டியைத் துழாவினார்கள். சரத்தில் இருந்தது 140, கிடைத்தது 131. அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் நூலில் கோர்த்து முடிக்கும் வரை காத்திருந்து, முழு விலை கொடுத்து வாங்கிப் போனார். ஒன்பது மணி குறைவாக.

அவர் காத்திருந்த நேரத்தில்தான் அந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் வந்தார். சௌகார்பேட்டையில் சரக்கணக்கில் வாங்கிய மணிகள் இவை, ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டை மணி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள், அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, ஆறியதும் பொடியாக நறுக்கி, சாம்பலோடு போட்டு மறுபடி சூடாக்கினால் வெட்டிய முனை மழுங்கி இப்படி உருண்டுவிடும் என்றார். "இங்கேருந்து கொஞ்ச தூரத்துலதான் அரிக்கமேடு, அந்தக் காலத்துத் துறைமுகம். 1945ல வீலர்ங்கிற தொல்லியல் அறிஞர் தோண்டினாரே, அங்கயும் இதே மாதிரி இழுத்த மணிதான் கிடைச்சுது, மியூசியத்துல இருக்கு, போய்ப் பாரு." நான் விற்கிற பொருளைப் பற்றி எனக்கே பாடம் நடந்தது. திங்கட்கிழமையே போயிருப்பேன், அன்று விடுமுறையாம். சார், கட்டாயம் போவேன்.

ஜாடிக் கடை அக்கா, என் போனில் சிக்னல் செத்த ஒரு மணி நேரமும் உங்கள் கியூஆர் அட்டையில் பணம் வாங்கிக்கொண்டு, காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்து, சாயங்காலம் 2,450 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தீர்கள். எனக்கு நினைவிருந்தது 2,100தான். டீக்கடை தம்பி, ஐநூறு ரூபாய்த் தாளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் சில்லறை தந்தாய். சுடுமண் பதக்கங்களைத் தன் சூளையில் ஓரமாக வைத்துச் சுட்டுத் தந்த வில்லியனூர் மாமா, கொண்டுபோன பன்னிரண்டும் விற்றுவிட்டன, மறுபடி மண் பிசையலாம்.

கடைசியாக ஒன்று. மேசைத் துணியை உதறும்போது ஒரு திருகாணி விழுந்தது. என் சரக்கு இல்லை, தங்கம் மாதிரிதான் தெரிகிறது. ஜிமிக்கி போட்டுப் பார்க்கத் தன் தோட்டைக் கழற்றியவர் யாரோ விட்டுப் போயிருக்க வேண்டும். அடுத்த சந்தையிலும் அதே தாழ்வாரத்தில்தான் இருப்பேன். தோட்டின் ஜோடியோடு வாருங்கள், மரை பொருந்தினால் வாங்கிக்கொண்டு போகலாம். இந்தத் தடவை கண்ணாடி நானே கொண்டுவருகிறேன்.