இந்தப் பருவத்துக் கருப்பட்டி ஏன் இளகுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த முறை வாங்கிய கருப்பட்டி கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, டப்பாவின் அடியில் பாகு கசிந்து நிற்கிறது என்று பலர் போன் செய்து சொன்னீர்கள். எங்களிடமே நேரடியாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால், "சீனி கலந்திருக்கிறார்கள், அதனால்தான் இளகுகிறது" என்று ஒரு குரல்பதிவு வாட்ஸப்பில் குழு குழுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. கலப்படம் என்ற வார்த்தையை எங்கள் கடைப் பெயரோடு சேர்த்துக் கேட்டபோது மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் தூத்துக்குடிப் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால் நமக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. உடன்குடி வட்டாரத்துப் பனைத்தொழில் கோடையில் அமைந்ததே இதனால்தான். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வெயில் நின்று காய வேண்டும். இந்த முறை அதே மாதங்களில் மழை விட்டு விட்டுப் பெய்தது. மானாவாரிக் காட்டுக்காரருக்குக் கோடை மழை நல்லது, ஒரு உழவு ஓட்டிப் போடலாம். பனையேறிக்கு அதே மழை நஷ்டம்.

மரம் நனைந்தால் வழுக்கும், ஏற முடியாது. பதநீர் சொட்டும் பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, காலையும் மாலையும் சீவிவிட வேண்டும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்து சொட்டு குறைந்துவிடும். மழைத்தண்ணீர் கலயத்துக்குள் இறங்கினால் உள்ளே தடவிய சுண்ணாம்பும் நீர்த்துப்போகும். அந்தச் சுண்ணாம்புதான் பதநீரைப் புளிக்காமல் காப்பது. அது வலுவிழந்தால் இறக்குவதற்குள்ளேயே பதநீர் லேசாகத் திரும்ப, அதாவது புளிக்க, ஆரம்பித்துவிடும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பதநீர் திரும்பும்போது அதிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதி உடைந்து குளுக்கோஸ், பிரக்டோஸாக மாறுகிறது. இவை இரண்டும் சரியாக உறையாது. பிரக்டோஸ் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பதநீரை எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சினாலும் கருப்பட்டி கொஞ்சம் இளக்கமாகத்தான் நிற்கும். கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியோ கிட்டத்தட்ட முழுக்க, நன்றாக உறையும் சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான். அதைக் கலந்தால் கருப்பட்டி கல்லு மாதிரி இறுகும், உடைத்தால் உள்ளே மணல்போல் மினுங்கும். குரல்பதிவில் சொன்னது அப்படியே தலைகீழ். அதற்காகக் கெட்டியாக இருப்பதெல்லாம் கலப்படம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல வெயிலில் இறக்கிய சுத்தமான கருப்பட்டியும் கெட்டியாகத்தான் இருக்கும். இளகியிருப்பதை வைத்துச் சீனி என்று முடிவு கட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாங்கள் கொள்முதல் செய்யும் விடிலிக்கு (பதநீர் காய்ச்சும் குடிசைக்கு) நீங்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். விடியற்காலையில் இறக்கிய பதநீரை அடுப்பில் ஏற்றி, பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டித் துளி போடுவார்கள், நுரை அப்படியே அடங்கிவிடும். பாகு பதத்துக்கு வந்ததா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துதான் இறக்குவார்கள். அப்புறம் துழாவிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். மழை நாளில் ஓலையும் விறகும் நனைந்து கிடக்கும். தண்ணீர் கலந்த பதநீர் வற்ற நேரமும் கூடும். அந்தப் புகையில் அத்தனை நேரம் நின்று கிண்டுகிற பெண்களின் கண்ணைப் பார்த்தால், இந்தப் பொருளைக் கலப்படம் என்று வாய் கூசாமல் சொல்ல யாருக்கும் மனசு வராது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டில்தான் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் பெருகியிருக்கிறது, வானிலை ஒரு நிலையில் இல்லை. பனை எதையும் தாங்கும் மரம்தான். ஏறுகிற ஆட்கள்தான் குறைகிறார்கள். எங்களுக்குச் சரக்குக் கொடுத்த ஒரு குடும்பத்துப் பையன்கள் இந்தப் பருவத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நிச்சயமில்லாத வருமானத்துக்காக அவ்வளவு உயரம் ஏறச் சொல்லி யாரைக் கட்டாயப்படுத்த முடியும்?

வாங்கிய கருப்பட்டியை ஓலைப்பெட்டியிலோ காற்றுப் புகாத டப்பாவிலோ வையுங்கள், ஈரக்கையால் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்து இன்னும் இளகும். இளகியது கெட்டுப்போனதல்ல. பாகு காய்ச்சவும் காப்பிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும், "அண்ணாச்சி, உங்க சரக்கு எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டு வழக்கம்போல ஆர்டர் போட்டவர்களை மறக்க மாட்டேன். சென்னையிலிருந்து ஒரு அம்மா அந்தக் குரல்பதிவு வந்த குழுவிலேயே எங்களுக்காகப் பதில் எழுதியிருக்கிறார். அவருக்கும், தலைமுறையாக எங்களிடமே வாங்கும் குடும்பங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. கிலோவுக்கு 40 ரூபாய் கூடியிருப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சுக்குக் கருப்பட்டி இருப்பு கொஞ்சம்தான் இருக்கிறது. தேவைப்படுவோர் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்த புதுச்சரக்கு மாசிக்கு மேல்தான் வரும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்