காசாபிளாங்காவுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா பற்றி ஒட்டகப் படத்தோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. என் மகன் அங்கே வேலையில் இருப்பதும், நானும் என் மனைவியும் போய்வந்ததும் குன்னூர் பஜாரில் எல்லோருக்கும் தெரியும். கட்டுரை வந்த நாளிலிருந்து என் தேயிலைத்தூள் கடைக்கு வருகிறவர்கள், "பாலைவனம் எப்படிண்ணே இருந்தது?" என்று கேட்கிறார்கள். மணல் மேடுகள் உள்ள மெர்சூகா அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், அட்லஸ் மலைகளைத் தாண்டி இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

காசாபிளாங்கா அட்லாண்டிக் கரையில் உள்ள துறைமுக நகரம். 30 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். நாட்டிலேயே பெரிய ஊர் அதுதான். தலைநகரான ரபாத் ரயிலில் ஒரு மணி நேரம். வங்கி, பங்குச் சந்தை, தொழிற்சாலை, கப்பல் என்று எல்லோரும் ஏதோ ஒரு வேலையாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் ஊரில் பிறந்தவன் நான். சீசன் நேரத்தில் சிம்ஸ் பார்க் வாசலில் நடக்கிற கூத்தெல்லாம் எனக்கு அத்துப்படி. காசாபிளாங்காவில் எங்களை யாரும் கூப்பிடவும் இல்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கட்டுரையை நம்பி, 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். இரண்டு நாள் போதும். மற்ற நாட்களுக்கு ரயில் ஏறிவிடலாம். மராகேஷ் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். 2018-ல் விட்ட அதிவேக ரயில் வடக்கே டான்ஜியருக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டை மட்டும் மடித்து வைக்காதீர்கள். ஜனவரியில் பகலில் 17, 18 டிகிரிதான். இரவில் 8 வரை இறங்கும். பல வீடுகளில் ஹீட்டர் கிடையாது, தரையெல்லாம் டைல்ஸ். கரையை ஒட்டி ஓடும் கேனரி என்ற குளிர் நீரோட்டம் வெயில் காலத்திலும் ஊரைச் சூடேற விடுவதில்லை. ஆகஸ்டில்கூடப் பகல் சூடு 26, 27-தான். காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். எங்களுக்கு அது பழகிய விஷயம், சென்னையிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார்தான் நடுங்கினார்கள். அயின் தியாப் கடற்கரையில் கால் நனைக்கலாம், குளிப்பது அவரவர் தைரியம்.

ஹசன் இரண்டாம் மன்னர் பெயரிலுள்ள மசூதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1993-ல் திறந்தது, ஒரு பகுதி கடலுக்கு மேலேயே நிற்கிறது. மினார் சுமார் 200 மீட்டர் உயரம். உள்ளே 25,000 பேர், வெளி முற்றத்தில் 80,000 பேர் தொழலாம். கூரை திறந்து மூடும். மொராக்கோவில் பெரும்பாலான மசூதிகளுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை விடுவதில்லை. இங்கே டிக்கெட் வாங்கி, வழிகாட்டியோடு குறிப்பிட்ட நேரங்களில் போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். இந்த விவரம் கட்டுரையில் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் டாக்சி. ஊருக்குள் ஓடும் சின்ன டாக்சிகள் சிவப்பு நிறம். மீட்டர் உண்டு, மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். எங்களோடு மகனும் மருமகளும் வந்த நாட்களில் இரண்டு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. போகிற வழியில் வேறு ஆளையும் ஏற்றிக்கொள்வார்கள். பதற வேண்டாம், அது அங்கே வழக்கம். ஏறும்போது மீட்டரில் என்ன இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பாதி கட்டணம் கூடுதல். ஊட்டியில் மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோவைத் தேடி அலுத்துப்போன எனக்கு, அந்தச் சிவப்பு வண்டிகளின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. 2012-லிருந்து டிராமும் ஓடுகிறது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ரயில் இருக்கிறது.

என் தொழில் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே நாம் விற்பது சி.டி.சி. டஸ்ட், அதாவது இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய தேயிலையின் தூள்; சாயம் இறங்க வேண்டும், பால் தாங்க வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு சீனாவிலிருந்து வரும் பச்சைத் தேநீர், இலையைச் சின்னச் சின்ன உருண்டையாகச் சுருட்டியது. 1850-களில் கிரிமியப் போரால் சந்தையை இழந்த ஆங்கில வியாபாரிகள் மொராக்கோ துறைமுகங்களில் கொண்டுவந்து தள்ளிய சரக்கு, அப்படியே ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி இலையை அலசுகிறார்கள். பிறகு கொதிநீர், ஒரு கைப்பிடி புதினா, சர்க்கரை. ஒரு கிளாசில் ஊற்றி மறுபடி பாத்திரத்திலேயே கவிழ்த்துக் கலக்கி, கடைசியில் கையை உயர்த்தி நுரை எழும்ப ஊற்றுகிறார்கள். சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக வருகிறது, சுத்தியலால் உடைக்கிறார்கள். அதைச் செய்யும் பெரிய ஆலை காசாபிளாங்காவிலேயே இருக்கிறது. சுகர் உள்ளவர்கள் "பிளா சுக்கர்" என்று சொல்லுங்கள், சர்க்கரை இல்லாமல் தருவார்கள். புதினா இல்லாமல் வெறும் இலையை மட்டும் போட்டுத் தரச்சொல்லி நான் குடித்துப் பார்த்தேன். லேசான புகை வாசனை, நல்ல துவர்ப்பு. நம் மலையிலும் சில ஃபேக்டரிகளில் பச்சைத் தேநீர் போடுகிறார்கள். சீனாவின் விலையோடு மோத முடியுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைத்தெரு காபிக் கடைகளில் ஆண்கள் எல்லோரும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை; ஹபூஸ் பகுதியில் பாதாம் பலகாரம் விற்கும் பேக்கரிப் பக்கம் போய்விட்டார். சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். கோதுமை ரவையை ஆவியில் வேகவைக்கும் கூஸ்கூஸில், காய்கறி கூஸ்கூஸ் என்றாலும் கறிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ம்செமென் என்று சதுரமாக மடித்துத் தட்டிக் கல்லில் போடுகிறார்கள், நம் பரோட்டா மாதிரியே அடுக்கடுக்காக வரும், தேன் தொட்டுச் சாப்பிடலாம். ஆங்கிலம் பரவலாகச் செல்லாது, அரபியும் பிரெஞ்சும்தான்.

விசாவை ஆன்லைனிலேயே எடுக்கலாம். அந்த நாட்டுப் பணமான திர்ஹாம் இங்கே கிடைப்பது கஷ்டம், யூரோ கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கிளம்பும் முன்பே திருப்பி மாற்றிவிடுங்கள்.

ரம்ஜான் மாதத்தில் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒன்று. பகலில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். சூரியன் மறையும் நேரத்தில் டாக்சி கிடைக்காது. அந்த மாதம் முழுக்க நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். மற்ற மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அப்போது ஐந்தரை. விமான டிக்கெட்டில் உள்ள நேரத்தை அதற்கேற்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தேயிலைத்தூள் வியாபாரி ஒருவர்,
குன்னூர், நீலகிரி