சேர்வராயன் மலையில் நிதிக் கல்வி வகுப்புகளுக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வெள்ளக்கடைப் பக்கத்து ஊர்களில் எங்கள் சிறிய தொண்டு அமைப்பு நடத்திவந்த நிதிக் கல்வி வகுப்புகள் இந்த ஆண்டுக்கு நிறைவடைந்துவிட்டன. உதவியவர்களில் பலர் தங்கள் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் செய்ததைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, வீட்டுத் திண்ணையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த அம்மாக்களுக்கு. பகலெல்லாம் காப்பி பறித்து, மூட்டையைச் சுமந்து வந்து எடை போட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள், அதற்குப் பிறகும் பாய் விரித்து, வரக்காப்பி வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சேலத்தில் மண்டபம் பிடித்து இதே வகுப்பை நடத்தியிருந்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் மலையிறங்கி வந்திருப்பார்கள்? மக்களுக்கு நேரம் இருக்கும்போது அவர்கள் இருக்கும் இடத்திற்கு நாம் போக வேண்டும். திண்ணை கிடைத்ததால்தான் எங்களால் அப்படிப் போக முடிந்தது.

நிதிக் கல்வி என்றதும், ஏழைகளுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. வாரக் கூலியில் குடும்பம் நடத்தி, சீட்டும் கட்டி, மகளை விடுதியில் விட்டுப் படிக்கவைக்கும் ஒரு தாய்க்குச் சிக்கனம் பற்றிப் பாடம் எடுக்கும் தகுதி எங்களில் எவருக்கும் கிடையாது. அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டவை வட்டிக் கணக்கும், அவருக்கு உரிய விதிகளும்தான்.

அந்தக் கணக்கைப் புரியவைத்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். முழங்கால் வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து வந்த ஐயா அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. பன்னிரண்டு காப்பிக் கொட்டைகளைப் பாயில் வரிசையாக வைத்தார். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். மொத்தம் 12,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி 1,440 ரூபாயையும் சேர்த்து மாதம் 1,120 ரூபாய் தவணை. தவணைக்கு ஒன்றாக ஒவ்வொரு கொட்டையையும் எடுக்கச் சொன்னார். கடைசி மாதத்தில் ஒரே ஒரு கொட்டைதான் மிச்சம். "இந்த மாதம் வட்டி எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேட்டார். முதல் மாதத்தைப் போலவே 120 ரூபாய். திரும்பக் கொடுத்துவிட்ட பணத்திற்கும் வட்டி போயிருக்கிறது. அந்தக் கடனின் உண்மையான வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்த் தன் கடனின் தவணைகளைக் குறித்துவைக்கும் கடன் அட்டையை எடுத்துவந்தார். அடுத்த வாரம் எல்லோருடைய கையிலும் அட்டை இருந்தது.

குழுக் கடன் வாங்கியவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளைப் படித்துக் காட்டினோம். கடன் விவரத்தைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. வசூலுக்காகக் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பிறகும் அழைத்துத் தொல்லை கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சில பெண்கள் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்கள். அவற்றைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி ஊர் ஊராக ஒட்டிய கல்லூரி மாணவ மாணவியருக்கும், தங்கள் கூட்ட நேரத்தில் பாதியை எங்களுக்குத் தந்த சுய உதவிக் குழுத் தலைவிகளுக்கும் நன்றி.

அஞ்சல்காரத் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கைரேகை வைத்து வீட்டு வாசலிலேயே பணம் எடுக்க முடியும் என்பதை வகுப்பில் செய்து காட்டியவர் அவர். பறித்துப் பறித்துத் தேய்ந்துபோன விரல்களைக் கருவி ஏற்காதபோது அவர் முகம் சுளிக்கவில்லை. துடைத்துத் துடைத்து வேறு வேறு விரலை வைக்கச் சொல்லி, கடைசிப் பாட்டிக்கும் பணம் எடுத்துக் கொடுத்த பிறகே கிளம்பினார்.

விபத்துக் காப்பீட்டைப் பற்றிப் பேச அனுமதி தந்த தோட்ட மேலாளர்களுக்கும் கங்காணிகளுக்கும் நன்றி. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறப்பவரின் குடும்பத்திற்கு இரண்டு லட்சம் கிடைக்கும். ஆனால் அந்த இருபது ரூபாய் கணக்கிலிருந்து கழிக்கப்படுவது மே மாதக் கடைசியில். சேர்வராயன் கோயில் திருவிழாச் செலவுக்காகக் கணக்கைத் துடைத்து எடுத்திருப்பதும் அதே மாதத்தில்தான். இதைக் கவனித்துச் சொன்னவர் ஒரு கங்காணி. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த அழைப்பை நம்பி, பணம் வரும் என்று ரகசிய எண்ணை அழுத்தி, சேமித்ததை இழந்த ஒரு சகோதரி அதைத் தன் ஊரார் முன்னால் எழுந்து சொன்னார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பதையும், ஏமாந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் நாங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அவர் சொன்ன பிறகுதான் ஊர் கேட்டது. அம்மா, உங்கள் துணிவை வணங்குகிறேன்.

பஸ் செலவுக்கும் அச்சுச் செலவுக்கும் கொடுத்துதவிய சேலத்து அன்பர்களுக்கும் எங்கள் நன்றி. வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அடுத்த சுற்று, காப்பிப் பறிப்பு ஓய்ந்ததும் மாசியில் தொடங்கும். வரும்போது பாஸ்புத்தகத்தையும் கடன் அட்டையையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.

நன்றியுடன்,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர், சேலம்